பக்கத்துத் தோள் எழும்பும் வரை

ஸ்ரீபெரும்புதூர்
14-10-1991, திங்கட்கிழமை

சௌபாக்யவதி வசுதாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் ஷ்ரவணும் உடம்பளவில் க்ஷேமமாக இருக்கிறோம், மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த எட்மன்டன் குளிரில் எல்லா அளவிலும் க்ஷேமமாக இருக்க உடையவர் அருள் புரிய வேண்டும். செப்டம்பரிலேயே பனி விழுந்ததாக எழுதியிருந்தாய், படித்துவிட்டு அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டாள், உனக்குக் குளிருமாம். கொலு இந்த வருஷம் ஐந்து படிதான், அவள் முழங்கால் அதற்கு மேல் சம்மதிக்கவில்லை. முன்பெல்லாம் நம் ஊர் எங்கே என்று கேட்பவர்களுக்குக் காஞ்சிபுரம் பக்கம் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது, மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரமம் உனக்கு அங்கேயும் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினேழு மாதம் இருக்கிறது. தாலுகா ஆபீசில் என் மேஜைக்கு வரும் காகிதங்கள் என் ஓய்வுக்குப் பிறகுதான் நகரும் என்று புதிதாக வந்த தாசில்தார் சொன்னார், பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

உன் தம்பி விஷயமாகத்தான் முக்கியமாக எழுதுகிறேன், ஏரோகிராமில் இடம் போதாதென்று தாளில் எழுதுகிறேன். நீ போன இந்த நாலு வருஷத்தில் அவன் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறான் என்பது உனக்குத் தெரியும், ஹெல்மெட் அனுப்பியதே நீதான். தெரியாததைச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போட்டிருக்கும் பந்தயப் பாதையில் அவனைவிட வேகமாக வளைவு திரும்புகிறவன் புதியவர்கள் பிரிவில் யாரும் இல்லை. நான் பெற்றவன் என்பதால் சொல்லவில்லை, கடிகாரம் வைத்துப் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தப் பருவத்தில் ஓடிய ஐந்து பந்தயங்களில் அவன் வாங்கிய இடங்கள் ஆறு, ஐந்து, ஏழு, ஐந்து, ஐந்து. காரணம் ஒன்றே ஒன்றுதான். நின்ற இடத்திலிருந்து புறப்படத் தெரியவில்லை. பதினாறு வண்டிகள் கோட்டில் நிற்கும், கொடி விழும், பதினைந்து வண்டிகள் போகும், அந்தப் புகை கலைந்த பிறகு உன் தம்பி புறப்படுவான். அப்புறம் ஒவ்வொருவராகப் பிடித்துத் தாண்டிக்கொண்டே வருவான், அதற்குள் பந்தயம் முடிந்துவிடும். இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால் என்று வேலி ஓரம் நிற்கிறவர்கள் சொல்வார்கள், ஐந்து முறையும் சொன்னார்கள்.

அறுபது வயதை நெருங்கும் காலத்தில் எனக்கு இந்தப் புறப்படும் சாஸ்திரம் முழுவதும் பாடமாகிவிட்டது. கேள். முதல் கியரில் நிற்க வேண்டும், கிளட்சை இரண்டு விரலால் மட்டும் பிடிக்க வேண்டும், எஞ்சின் சத்தம் ஏறி இறங்காமல் ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும். முகவாய் பெட்ரோல் டாங்குக்கு மேலே வரும்படி முன்னால் சாய வேண்டும், இல்லாவிட்டால் முன் சக்கரம் வானத்தைப் பார்க்கும். கொடியைப் பார்க்கக் கூடாது, கொடி பிடித்தவரின் முழங்கையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் துணிக்கு முன்னால் அசைவது முழங்கைதான். பிறகு கிளட்சைப் பட்டென்று விடாமல், பிடிக்கிற இடம் வந்ததும் அங்கேயே ஒரு கணம் தேக்கி, மெல்ல விட வேண்டும். இவ்வளவும் ஷ்ரவணுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டால், கொடி விழறது நன்னாத் தெரியறதுப்பா, கைதான் விடமாட்டேங்கறது என்கிறான்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உன் அம்மா, பந்தயம் ராகு காலத்தில் இல்லையே என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தாள், இல்லை என்று தெரிந்ததும் திருஷ்டி என்று முடிவு செய்து ஹெல்மெட்டுக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள், அதை மாட்டிக்கொண்டு முதல் வளைவு வரை அவன் தும்மிக்கொண்டே போனான். வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் தாவீது கிளட்ச் தகடுகளை மாற்றினான், முன் பல்சக்கரத்தை ஒரு பல் சின்னதாக்கினான், கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, சாமி, வண்டி நல்லாத்தான் கீது, ஓட்றவருதான் கொடி வுழுந்தப்புறம் குந்திகினு ரோசனை பண்றாரு என்றான். மறைமலை நகர் தொழிற்சாலையில் அவனுடைய சூப்பர்வைசர் அண்ணாதுரை, இன்னாபா ஷ்ரவணு, லைன்ல சங்கு ஊதறதுக்கு முன்னாடியே ஸ்பேனர எடுக்கற ஆளு நீ, அங்க போயி இன்னாத்துக்கு தூங்கற என்று கேட்டாராம். என் காரணத்தை நான் வெளியே சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷம் எந்த வேலையையும் உடனே தொடங்காமல் சம்பளம் வாங்கியவனுக்குப் பிறந்த பிள்ளை வேறெப்படி இருப்பான் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் ஆவணி மாதம் நானே கொடி பிடிக்க இறங்கினேன். விடிந்ததும் ஒரகடம் போகிற ரோட்டில், வண்டி நடமாட்டம் இல்லாத நேரம், அவன் கோடு போட்டு நிற்பான், நான் முப்பது அடி தள்ளி நின்று என் துண்டைத் தூக்கிப் பிடித்து சட்டென்று இறக்குவேன். மூன்றாம் நாளே போலீஸ் ஜீப் வந்தது. மே மாதத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ரோட்டோரம் நின்று துணி அசைத்துச் சைகை காட்டும் கிழவர்களை அவர்கள் சும்மா விடுவதில்லை. ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பட்டா மாற்றத்துக்கு என்னிடம் ஒன்றரை வருஷம் நடந்த ஏட்டு கன்னியப்பன் நல்லவேளையாக அடையாளம் கண்டுகொண்டார். இன்னா ஐயிரே, என் மனுவ மட்டும் குந்தவெச்சியே, இப்ப நீ குந்து என்று சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஐயர் இல்லை ஐயங்கார் என்று திருத்த அது இடமில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் வசுதா, அந்த மூன்று நாளும் நான் பார்த்தது இதுதான். தனியாக நிற்கும்போது உன் தம்பி துண்டு இறங்குவதற்குள் என்னைத் தாண்டிப் போனான். ஒரு முறைகூடத் தாமதம் இல்லை. கைக்கும் கிளட்சுக்கும் எந்தக் குறையும் இல்லை என்று அப்போதே தெரிந்தது, குறை எங்கே என்றுதான் தெரியவில்லை.

முந்தாநாள் தெரிந்தது. புரட்டாசி நாலாம் சனிக்கிழமை, சாயங்காலம் பெருமாள் புறப்பாடு. பதினாறு வயதிலிருந்து ஷ்ரவண் பல்லக்குச் சுமக்கிறான், இடது தண்டில் இரண்டாவது ஆள், உனக்கு நினைவிருக்கும். அதில் ஒரு ஒழுங்கு உண்டு. தூக்கு என்று யாரும் குரல் கொடுப்பதில்லை. முதல் ஆளின் தோள் எழும்பும், அது தண்டு வழியாக அடுத்த தோளுக்குத் தெரியும், தெரிந்த பிறகுதான் அவன் எழ வேண்டும். தானாக முந்தி எழுந்தால் பெருமாள் சாய்ந்துவிடுவார். சேர்ந்த புதிதில் ஒருமுறை முந்தி எழுந்து, மாலை சரிந்து, கோபுர வாசலிலேயே திட்டு வாங்கி அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தானே, நீதான் சமாதானம் சொன்னாய். அன்றிலிருந்து எட்டு வருஷம் அவன் முந்தி எழுந்ததில்லை. சனிக்கிழமை நான் சேவித்துக்கொண்டு நிற்கிறேன், தண்டு எழும்பப் போகிறது, ஷ்ரவண் கண் நேராகப் பார்க்கிறது, தலை மட்டும் தண்டைத் தாங்கும் இடது தோள் பக்கம் ஒரு விரல் அளவு சாய்கிறது. இந்தச் சாய்வை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். பெருமாள் எழுந்தருளினார், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நான் கைகூப்ப மறந்து நின்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஓட்டம். வேலியை ஒட்டி நின்று அவன் கழுத்தை மட்டும் பார்த்தேன். கொடி இறங்கியது, அவன் தலை ஒரு விரல் அளவு இடது பக்கம் சாய்ந்தது, இடது பக்கத்து வண்டி நகர்ந்தது, அதற்குப் பிறகுதான் அவன் கை விட்டது. நாலு முறை புறப்பட்டார்கள், நாலு முறையும் அப்படித்தான். இடது பக்கத்தில் நின்றவன் அன்றைக்குப் பார்த்து மந்தமான ஆள், அதனால் உன் தம்பி இன்னும் மந்தம். அவன் கொடிக்குப் புறப்படவில்லை, பக்கத்துத் தோள் எழும்புவதற்காகக் காத்திருக்கிறான். அவனுக்கே இது தெரியாது. தாவீதுக்கும் தெரியாது. இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும், இதைப் படித்து முடித்ததும் உனக்கும் தெரிந்துவிடும்.

இப்போது இதன் அவசரத்தைச் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு, இருபதாம் தேதி, பருவத்தின் கடைசிப் பந்தயம். கோயம்புத்தூரில் பந்தயக் குழு வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்காரர் அதைப் பார்க்க வருகிறார். தம்பி, வளைவுல நீங்க ராஜாதானுங்க, ஆனா பந்தயம் கோட்டுல இருந்துதானுங்களே ஆரம்பிக்குது என்று போன முறையே இவனிடம் சொல்லிவிட்டுப் போனார். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அங்கே வேலையும் கொடுத்து, வண்டியும் கொடுத்து, நாடு முழுவதும் ஓட்ட அழைத்துப் போவார். இருபத்தைந்து வயது முடிந்தவர்களைப் புதிதாக எடுப்பதில்லை, ஷ்ரவணுக்கு அடுத்த மாதம் முடிகிறது. இந்த முறையும் இல்லையென்றால் வண்டியைத் தாவீதிடம் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் அவன் ஜெயிக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறாள், ஆனால் ஜெயித்தாலும் கோயம்புத்தூர் போகக் கூடாது என்றும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறாள். இவளுடைய மனு என்னுடைய மேஜைக்கு வருபவற்றைவிடச் சிக்கலானது.

நேற்று பயிற்சி முடிந்து அவன் வேலிக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடி முழுக்க வேர்வை. எப்படிப்பா இருந்தது, ஏதாவது தெரிஞ்சுதா என்று கேட்டான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான், தயிர் சாதம் கொண்டுவந்திருக்கேன், சாப்படறயா என்று கேட்டேன். எனக்கும் உங்களுக்கும் சேர்த்துப் போடுங்கோ என்றான். இருவரும் சாப்பிட்டோம். மாவடு நன்றாக இருந்தது.

எட்டு வருஷப் பழக்கம் ஆறு நாளில் போகாது, சொல்லியும் பிரயோஜனமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். அது பொய். ஒரகடம் ரோட்டில் அவன் புறப்பட்ட வேகத்தைப் பார்த்தவன் நான், பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள் என்று சொன்னால் போதும், அவன் போய்விடுவான். போய்விடுவான் என்பதுதான் விஷயம். என் உத்தியோகத்தில் நான் ஒரு நாள்கூடத் தாமதிக்காத காகிதம் ஒன்றே ஒன்று, உன் பாஸ்போர்ட் மனு. நானே தட்டச்சு செய்து, நானே எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போய், நானே வரிசையில் நின்று கொடுத்தேன். அதன் பலனாக உன் பிள்ளையை இதுவரை புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சீக்கிரமாகச் செய்த வேலைக்குக் கிடைத்ததைச் சொல்கிறேனே தவிர, உன்மேல் குறை சொல்லவில்லை.

நான் சொன்னால் கேட்கமாட்டான், நீ சொன்னால் கேட்பான், ஆகவே இந்த விஷயத்தை நீயே அவனுக்கு எழுது என்று இந்தக் கடிதத்தை முடிப்பதாகத்தான் காலையில் திட்டம் போட்டேன். நான் சொன்னால் கேட்பான். என் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவில் பதினோரு அடி இருக்கிறது. தபால் ஆபீசுக்கு எதிரிலேயே லூர்தம்மாள் வெளிநாட்டுக்குப் பேசும் டெலிபோன் வைத்திருக்கிறாள், அங்கேயும் கூட்டம் இல்லை, காலையில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தாள் வாங்கி வந்தேன். தபால் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். இதை நீ பிரிக்கும்போது பந்தயம் முடிந்து ஆறு நாள் ஆகியிருக்கும், அவன் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்திருப்பான், இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நான் அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன், அதற்கும் தயிர் சாதம் கட்டியாகிவிடும்.

நாளை மறுநாள் ஆயுத பூஜை, அந்த வண்டிக்கும் சந்தனம் இட்டுப் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள், உடைக்கிறேன். குழந்தைக்குக் காதை மூடிக் கம்பளிக் குல்லாய் போடச் சொன்னாள். நீயும் இருமலை அலட்சியம் செய்யாதே. மூவரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம், அதைக் கொடுக்கும் யோக்கியதை இந்த வாரம் எனக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கிக்கொள். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே, உன் கையெழுத்தைப் பார்த்தால் அம்மாவுக்கும் முன்னால் ஓடிவந்து பிரிப்பவன் அவன்தான், அதில் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கமாட்டான். தாலுகா ஆபீசுக்கு என் பெயர் போட்டு எழுது. அங்கே வருகிற தபாலை யாரும் உடனே பிரிப்பதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சக்ரபாணி