இடைவேளை வரைக்கும் ஒரு கதை

சம்மந்தி,

இன்று மத்தியானம் மைதா பசை காய்ச்சினேன். பேத்தி பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய பசை டப்பா வீட்டில் இருக்கிறது. அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சின்னக் கிண்ணத்தில் மாவைக் கரைத்து, கட்டி விழாமல் கிண்டினேன். கொதி வந்ததும் ஒரு வாசனை வந்தது பார், உன் பைண்டு புத்தகத்தின் முதுகில் மூக்கை வைத்தால் வருமே, அதே வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"எதுக்கு ஆயா பசை?" என்று பேத்தி கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். உனக்கும் அப்புறம்தான். பாதி சொல்லி நிறுத்துகிற வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நீதானே.

ஒரகடத்து கம்பெனி கேன்டீனில் காய் வெட்டச் சேர்ந்த முதல் நாளே நாம் இரண்டு பேரும் ஒரு கத்திக்குச் சண்டை போட்டோம். கைப்பிடியில் துணி சுற்றிய கத்தி. அது ஒன்றுதான் கைக்கு அடக்கமாக இருந்தது. நான் எடுத்தேன், நீ பிடுங்கினாய். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "கல்யாண வூட்ல சம்மந்திங்கதான் இப்டி அடிச்சிக்குவாங்க. ஆளுக்கொரு மூட்டை வெங்காயம் உரிங்க, சரியாப் பூடும்" என்றார். உரித்து முடிப்பதற்குள் நீ எனக்கு ஒரு சினிமாவில் பாதியைச் சொல்லியிருந்தாய். அன்றிலிருந்து நான் உனக்குச் சம்மந்தி, நீ எனக்குச் சம்மந்தி. பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை.

வாலாஜாபாத்திலிருந்து நீ வேலையாட்கள் பஸ்ஸில் வருவாய். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம் திங்கட்கிழமை நம் பலகைக்கு வந்துவிடும். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொல்வாய். வில்லன் பேசினால் உன் கத்தி வேகமாக விழும். கதாநாயகி அழுதால் நின்று நின்று விழும். பாத்திரம் கழுவுகிற அம்மாள் குழாயை மூடிவிட்டுக் கேட்பாள். சரியாக இடைவேளை வந்ததும் நிறுத்திவிடுவாய்.

"இன்டர்வெல் வந்துடுச்சி. மீதிய நீங்களே போயி பாருங்க."

"அடிப்பாவி, அந்தப் புள்ள பொழைச்சிதா இல்லியா, அத மட்டும் சொல்லிட்டுப் போம்மே. எனுக்கு சோறு எறங்காது" என்பாள் அந்த அம்மாள்.

"எறங்கலன்னா மோர் ஊத்திக்கோ."

முழுவதும் சொன்னால் என்ன என்று ஒருநாள் நான் கேட்டேன். "முழுசா சொன்னா அது வம்பு, சம்மந்தி. பாதி சொன்னாதான் சிபாரிசு" என்றாய். அதைச் சொன்ன மாதிரியே நடந்தும் காட்டினாய். உங்கள் சர்ச் சுவரில் ஒரு படம் வரைந்திருக்கிறது, மூன்று மணிக்கு மேல் போய் வலது பக்கமாக நின்று பார் என்று மட்டும் சொன்னாய். எதைப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. நெற்றியில் குங்குமத்தோடு போய் நின்றேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுவர் நிறைய கூட்டம், நடுவில் அவர் அப்பமும் மீனும் எல்லோருக்கும் கொடுக்கிறார். சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக வந்து ஓரத்தில் விழுந்தபோதுதான் தெரிந்தது. அங்கே ஒருத்தி குத்துக்காலிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மற்ற எல்லோரும் அவரைப் பார்க்க, அவள் மட்டும் வேலையைப் பார்த்தாள். மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும், "பாத்தியா?" என்றாய். "நம்ம டிபார்ட்மென்ட்டு" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் சாப்பாட்டு லைனில் நின்ற கம்பெனிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

பதிலுக்கு நான் கொடுத்தது பாட்டு. ஷேர் ஆட்டோவில் கேட்டதை அடுத்த நாள் உனக்குப் பாடுவேன், அதுவும் ஒரு சரணம்தான். மீதிச் சரணத்தை நீ தேடிப் பிடிக்க வேண்டும். நீ சிடி கடைக்காரனைப் படுத்தி எடுத்துக் கண்டுபிடித்துக்கொண்டு வருவாய். எந்த விஷயத்திலும் உனக்கு நான் சளைத்தவள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன்.

உன் அக்கா ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, புடவைப் பெட்டியின் அட்டையை வைத்துத் தைத்து, மைதா பசை போட்டு ஒட்டிய புத்தகம். ஒரு வாரம் முழுக்க அந்தக் கதையை எனக்குச் சொன்னாய். புருஷன் துரத்திவிட்ட ஒருத்தி, தன் பங்குக்கு வந்த கரட்டு நிலத்தில் தானே கிணறு வெட்ட இறங்குகிறாள். ஊரே சிரிக்கிறது. நாற்பதாவது அடியில் பாறை. அங்கே நிறுத்தினாய். நிறுத்திவிட்டு, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாய்.

"மீதிய நீ படி. படிச்சிட்டு வா, ரெண்டு பேரும் உக்காந்து பேசணும்."

நான் எட்டாவது படித்தவள் என்றுதான் உனக்குச் சொல்லியிருந்தேன். படித்தது அஞ்சாவது. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், கல்யாணப் பத்திரிகையில் பெயர் பார்ப்பேன். பொடி எழுத்தில் அவ்வளவு பெரிய புத்தகம் என் கையில் வந்ததே இல்லை. வீட்டில் மகன், மருமகள் இரண்டு பேருமே காலேஜ். அவர்கள் எதிரில் எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்காரக் கௌரவம் விடவில்லை. மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முதல் பக்கம் தாண்டவில்லை. துணியில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். பத்து நாள் கழித்து அப்படியே எடுத்து வந்தேன்.

"படிச்சிட்டியா?" என்றாய். நீ அவ்வளவு ஆசையாக என்னைப் பார்த்ததை அன்று நான் கவனிக்கவில்லை.

"படிச்சேன். நல்லாதான் கீது. முடிவுதான் எனுக்குப் புடிக்கல."

உன் கத்தி நின்றது.

"முடிவு புடிக்கலியா? முடிவுல இன்னா ஆச்சி?"

"இன்னா ஆவும்? புருஷன்காரன் வந்து கூப்டான், பின்னாலயே போயிட்டா. கெணறு அப்டியே கெடக்குது."

"போயிட்டாளா" என்றாய். ஒரு முழு கேரட்டை நறுக்கி முடித்த பிறகு, "அவ அப்டிப் போறவ இல்லியே, சம்மந்தி" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ அந்தக் கதையை எடுக்கவே இல்லை. நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

மறு வருஷம் மழைக்காலத்தில் நீ வேலைக்கு வருவது நின்றது. வயிற்றில் கட்டி என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். போர்வைக்குள் பாதி ஆளாக இருந்தாய். எழுந்து உட்கார முடியவில்லை, ஆனாலும் எனக்குக் காபி போடச் சொல்லி மகளை அதட்டினாய். கிளம்பும்போது என் கையைப் பிடித்தாய்.

"அந்த பைண்டு புஸ்தகம் உனுக்குத்தான். பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இன்னொரு தபா படி."

இன்னொரு தபா. அந்த வார்த்தையை நீ எவ்வளவு பார்த்து எடுத்திருக்கிறாய் என்று பின்னால்தான் புரிந்தது.

நீ போன பிறகு உனக்காக வைத்த ஜெபக் கூட்டத்துக்கு வந்தபோது உன் மகள் புத்தகத்தைக் கொடுத்தாள். மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் ஒரு நாளைக்கு நாலு வரி. கூட்டெழுத்து வந்தால் கட்டைவிரலால் பாதியை மறைத்து, மீதியை மட்டும் படித்து, பிறகு சேர்ப்பேன். வீட்டில் எல்லோரும் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். "இன்னாம்மா, பரிச்சைக்குப் படிக்கிறியா?" என்று மகன் கேட்டான். ஆமாம் என்றேன். கேன்டீனுக்கும் எடுத்துப் போனேன். டீ டயத்தில் வாய்விட்டுப் படிப்பேன். பாத்திரம் கழுவுகிற அம்மாள் பொறுமை இல்லாமல், "அட சீக்கிரம் கூட்டும்மே, டீ ஆறுது" என்பாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், விட்டுப்போனால் மறுநாள் இரண்டு. தை மாதம் தொடங்கியது ஆடியில் கடைசிப் பக்கத்துக்கு வந்தது.

பாறை நகரவில்லை. கடப்பாரை வளைந்துவிட்டது. அப்போது கிணற்றின் வாயில் புருஷன் வந்து நின்று, "ஏறி வா" என்று கூப்பிடுகிறான். அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை, தொடரும். பக்கத்தைத் திருப்பினேன். புடவைப் பெட்டி அட்டை.

கிழிந்திருக்கிறதா என்று தையலைத் தடவிப் பார்த்தேன். கிழியவில்லை. உன் மகளுக்குப் போன் போட்டேன்.

"அது அவ்ளோதான், அத்தை. பெரிம்மா கல்யாணமாகிப் போனதும் வூட்ல பத்திரிகை வாங்கறத நிறுத்திட்டாங்களாம். முடிவு அம்மாவுக்கே தெரியாது. யாராச்சும் படிக்கிறவங்க சிக்கட்டும், ரெண்டு பேரா உக்காந்து பேசி நாங்களே முடிச்சிக்கிறோம்னு சொல்லிக்கினே இருப்பாங்க."

போனை வைத்தேன். முடிவே இல்லாத புத்தகத்தில் முடிவு பிடிக்கவில்லை என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். நான் படிக்கவில்லை என்பது உனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற அம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அத்தனை வருஷமாக ஒரு ஆளுக்குக் காத்திருந்து, அந்த ஆள் நான்தான் என்று நம்பி என் மடியில் வைத்தாய். நான் என் கௌரவத்தைப் பார்த்துக்கொண்டேன். நீயும் என் கௌரவத்தைத்தான் பார்த்தாய்.

அழுதுவிட்டு விடுகிற ஆள் நான் இல்லை. எழுதியவருக்கு முடிவு தெரிந்திருக்கும், அது எங்கேயாவது அச்சாகி இருக்கும் என்று கிளம்பினேன். ஒரகடத்து நூலகத்தில் இல்லை. வாலாஜாபாத்தில் இல்லை. காஞ்சிபுரம் பெரிய நூலகத்துக்குப் போனேன்.

"பேரப் பிள்ளைங்களுக்காம்மா?" என்று அங்கிருந்தவர் கேட்டார்.

"எனுக்குத்தான்."

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, சம்மந்தி. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் நினைத்த மாதிரித் தெரியவில்லை. உள்ளே போய் தூசி தட்டி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். பழைய பிரதி, ஒன்றுதான் இருக்கிறது, வெளியே தர முடியாது, இங்கேயே உட்கார்ந்து படியுங்கள் என்றார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன். ஒவ்வொரு வாரமும் பஸ் உன் ஊரைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "போய்க்கினே கீறேன், இரு" என்று சொல்வேன். ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு முழங்கால் வரை நனைந்து போனேன். கார்த்திகையில் முடித்தேன். நம் புத்தகத்தில் விட்டுப்போன பக்கங்களை நாற்பது பக்க நோட்டில் என் கையெழுத்தில் எழுதிக்கொள்ள இன்னும் நாலு ஞாயிறு ஆயிற்று. எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு வரி விடவில்லை.

பாதிக்கு மேல் சொல்லக் கூடாது என்பது உன் சட்டம். மீதியை நீயே போய்ப் பார் என்று உனக்கு இனி நான் சொல்ல முடியாது. அதனால் சட்டத்தை உடைக்கிறேன், கேட்டுக்கொள்.

அவள் போகவில்லை. கீழே இருந்து நிமிர்ந்து பார்த்து, "எறங்கி வந்து கூடையத் தூக்கு. இல்லேன்னா கயித்த வுட்டுட்டுப் போ" என்கிறாள். அவன் கயிற்றை விட்டுவிட்டுப் போகிறான். அவள் பாறையை விட்டு அதன் பக்கத்து மண்ணை வெட்டிக்கொண்டே போகிறாள். தண்ணீர் வந்தது என்று எழுதியவர் எங்கேயும் எழுதவில்லை. ஒரு சாயங்காலம் மண்ணில் நின்றபோது அவள் குதிகால் சில்லென்று ஆயிற்று, அவள் கடப்பாரையைக் கீழே வைத்தாள், அதோடு கதை முடிகிறது.

அவள் அப்படிப் போகிறவள் இல்லை என்று நீ படிக்காமலேயே சொன்னாய். நான் படித்ததாகச் சொல்லித் தப்பாகச் சொன்னேன்.

பசை எதற்கு என்று இப்போது சொல்கிறேன். நோட்டுத் தாள்களைப் பிரித்து, உன் அக்காவின் கடைசிப் பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்து இன்று ஒட்டினேன். காய்வதற்கு மேலே அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன். நாளைக்குப் புத்தகம் கேன்டீனுக்குப் போகிறது. பாத்திரம் கழுவுகிற அம்மாள் முதல் ஆள். புருஷன் வந்து கூப்பிட்டது வரைக்கும் அவள் கேட்டிருக்கிறாள், முடிவு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கிறேன், இரண்டு நாளாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுத்து வராது. டீ டயத்தில் என் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். நான் அஞ்சாவதுதான் என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது, சம்மந்தி. இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.