பிழை பிடித்தவருக்குத் தேத்தண்ணி

நானா,

என் தோட்டவெளி வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு இருந்தபோது கைபேசி அதிர்ந்தது. உங்கள் ‘துணிக்கடை விஞ்ஞானம்’ பக்கத்தில் புதிய குரல் பதிவு ஒன்று வந்திருப்பதாகத் திரை சொன்னது. பழைய பதிவு எதையோ யாரோ தெரியாமல் தட்டிவிட்டார்கள் என்று நினைத்து அழுத்தினேன். “அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், எல்லாரும் சுகம்தானே?” என்று நீங்கள் தொடங்கினீர்கள். பிறகு, நீங்கள் மௌத்தாகிப் பல கிழமைகள் கழித்து விற்பனைக்கு வந்த ஒரு கைபேசியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனீர்கள்.

மையவாடியில் உங்கள்மேல் விழுந்த மண்ணில் என் கைப்பிடியும் உண்டு. நான் செய்தி எழுதிப் பிழைக்கிறவன். கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று பிரித்து எழுதித்தான் பழக்கம். அன்று அவை இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இடியப்பம் தட்டிலேயே காய்ந்தது.

இரண்டாம் முறை கேட்டபோதுதான் ஒன்று பிடிபட்டது. பதிவு மிகவும் சுத்தமாக இருந்தது. உங்கள் பதிவுகளில் பஸார் முழுவதும் இருக்கும். பேச்சின் நடுவில் “கொஞ்சம் பொறுங்கோ, ஆக்கள் வந்திட்டினம்” என்று எழும்பிப் போவீர்கள். துணி கிழிபடும் சத்தம் கேட்கும். யாரோ ஒரு பெண் விலை குறைக்கச் சொல்லிக் கேட்பார். வாசல் நிழலில் நிற்கும் கழுதை கத்தினால், “பார்த்தீங்களா, அவரும் ஒத்துக்கொள்றார்” என்பீர்கள். இந்தப் பதிவில் கழுதை இல்லை, கடையும் இல்லை. குரல் மட்டும் வெறுவெளியில் நின்றது.

அன்று மத்தியானமே விசாரித்தேன். உங்கள் தங்கையின் மகன் இம்தியாஸ்தான் செய்திருந்தான். கொழும்பில் கணினி வேலை பார்க்கிறவன். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டி, உங்கள் குரலில் உங்களைப் போலவே புதிய செய்திகளுக்குக் கருத்துச் சொல்ல வைத்திருக்கிறான். தொலைபேசியில் ஒளிக்காமல் சொன்னான்.

“மாமான்ர பக்கம் சாகக் கூடாது, அங்கிள். சனம் தேடுது. மாமியும் ஓம் எண்டவ.”

உங்கள் மனைவி, ராத்தாவே ஓம் சொன்ன பிறகு எனக்கு அதில் பேச என்ன இருக்கிறது? கைபேசியைக் கீழே வைத்தேன். ஆனால் மனம் அடங்கவில்லை.

உங்கள் கடைக்கு நான் முதன்முதலாக வந்தது துணி வாங்க அல்ல, சண்டை பிடிக்க. நிலவுக்குப் போன ஒரு கலம் தரையிறங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அது அப்போது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே வந்து, ஊர் முறைப்படி உங்களை அண்ணனாக்கி, “நானா, உங்கட பதிவில பிழை இருக்குது” என்றேன். நீங்கள் கையிலிருந்த சீத்தைத் துணியைப் போட்டுவிட்டுக் கடை அதிரச் சிரித்தீர்கள். “பிடிச்சிட்டீங்களே! வாங்கோ, இருங்கோ. கொமெண்டில ஏசிப்போட்டு ஓடுறவங்கதான் கூட. ஒருத்தரும் நேர வாறதில்லை.” வாசலுக்குப் போய், எதிர்த் தேத்தண்ணிக் கடையை நோக்கி நீங்களே குரல் கொடுத்தீர்கள்.

அன்று பின்னேரமே அதைச் சட்டமாக்கிப் பக்கத்தில் போட்டீர்கள். பிழை பிடிக்கிறவர் கடைக்கு நேரில் வந்து முகத்துக்கு முன்னால் சொல்லவேண்டும். எழுத்துப் பிழைக்குப் பால் விடாத பிளேன்ரீ, தகவல் பிழைக்குப் பால் தேத்தண்ணி. பதிவை அழிக்கமாட்டீர்கள். பிழையை அப்படியே விட்டு, அதன் மேலே திருத்தத்தையும் பிடித்தவரின் பெயரையும் எழுதுவீர்கள். அந்தப் பெயருக்காகவே தலைமன்னாரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு எல்லாம் துணிதான். விண்வெளி உடுப்பு எத்தனை அடுக்கு, எந்த அடுக்கு எதற்கு என்று கல்யாணப் பட்டெடுக்க வந்தவர்களை மறித்து விளக்குவீர்கள். பறக்கும் வீரர்களின் படம் வந்தால் கதையை விட்டுவிட்டு முதுகில் தொங்கும் துணியைப் பிடிப்பீர்கள். “இவ்வளவு காத்தில இது இப்பிடி ஆடாது. பொலியெஸ்டர் எண்டாக் கழுத்தில சுத்தியிருக்கும், ஆள் விழுந்திருப்பார்.” மடிக்கிற கைபேசி வந்தபோது, “பட்டையே ஒரே மடிப்பில வைக்காதேங்கோ எண்டு சொல்றனான். கண்ணாடிக்கு என்னத்தைச் சொல்ல?” என்றீர்கள். அழிந்துபோன மிருகம் ஒன்றை மீட்டுவிட்டார்கள் என்று உலகமே குதித்தபோது, நீங்கள் அந்த ஆய்வை இரண்டு நாள் இருந்து வாசித்தீர்கள். “மீட்டதில்லை. இருக்கிற ஒண்டுக்கு அதின்ர சாயத்தை ஏத்தியிருக்கினம். நல்ல சாயம்தான், அதை நான் மறுக்கயில்லை.” பாராட்டும் குட்டும் உங்களிடம் ஒரே வசனத்தில் வரும்.

ஒரு பின்னேரம் கேட்டேன்: “ஏன் நானா, பிழையை ஃபோனில சொன்னாப் போதாதோ? வேலை மினக்கெட்டு ஏன் சனத்தை இங்க வரப்பண்றியள்?”

நீங்கள் விரித்த துணியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். “தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள் எங்கள் எல்லாரையும் இந்த ஊரை விட்டுப் போகச் சொன்னது ஒரு ஒலிபெருக்கி, தம்பி. பேசினது ஆரெண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. ஏன் எண்டு திருப்பிக் கேக்க ஏலாத குரல். புத்தளத்தில அகதியா இருந்த காலம் முழுக்க அதைத்தான் நினைச்சனான். நான் சின்னச் சின்ன விசயம்தான் பேசுறன். ரொக்கெட்டு, ஃபோன், படம். ஆனா ஆரும் வந்து கேக்கவேணும். கேக்க ஒரு முகம் இருக்கவேணும்.”

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இயந்திரத்தின் பதிவுகள் தொடர்ந்து வந்தன. ஆட்கள் இதயப் படங்களைக் கொட்டினார்கள். ‘நானா எங்களை விட்டுப் போகவில்லை’ என்று எழுதினார்கள். நான் ஒருநாள் ராத்தாவைப் பார்க்க வந்தேன். அவர் இப்போது உங்கள் கதிரையில் இருந்துதான் கடையைப் பார்க்கிறார். கைபேசி மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கும் முன்னமே அவர் சொன்னார்: “எனக்கு விளங்குது தம்பி, நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு. ஆனா குரல் கேக்குதே. வீடு அவ்வளவு அமைதியாப் போச்சுது.” தேத்தண்ணி கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

பிறகுதான் விண்வெளி நிலையம் பற்றிய பதிவு வந்தது. உங்கள் பக்கத்தை ஊர் நம்பியதற்கு அதுதானே முதல் காரணம். “இண்டைக்குப் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு வடமேற்கால வரும். மின்னாது, சத்தம் போடாது. மின்னினா அது பிளேன்.” நீங்கள் சொன்னால் அது வரும். முகில் மறைத்தால் மறுநாள் நீங்களே வானத்துக்கு ஏசி ஒரு பதிவு போடுவீர்கள். உங்கள் குரலில் இயந்திரமும் அதே மாதிரிச் சொன்னது. திசை, நேரம், பிளேன் பகிடி எல்லாம் சரியாக இருந்தன.

மறுநாள் சனிக்கிழமை காலை விடத்தல்தீவிலிருந்து அந்தோனியண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். கடற்றொழிலாளி, கோபம் வந்தால் மெதுவாகப் பேசுகிற ஆள்.

“தம்பி, நேற்று எங்கட கரையில ஒரு திருவிழாச் சனம். நானா சொன்னவர் எண்டு நான்தான் எல்லாரையும் கூப்பிட்டனான். வலை வைக்கிறதையும் பிற்போட்டு நிண்டனாங்கள். வானம் துடைச்ச மாதிரி இருந்தது. ஒரு சாமானும் வரயில்லை.”

“நானா சொல்லயில்லை, அண்ணை. அது மெசின்.”

“அது எனக்கும் தெரியும். நானான்ர சட்டம் இன்னும் இருக்குதோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ. நான் பஸ்ஸில வாறன்.”

அவர் வந்து சேரும்முன் அட்டவணைகளைத் தேடிப் பார்த்தேன். அந்தப் பொழுதில் நிலையம் எங்கள் வானத்திலேயே இல்லை. எந்த அட்டவணையையும் பார்க்காமல், உங்கள் பழைய பதிவுகளின் சாயலில் ஒரு நேரத்தை அந்த இயந்திரம் கட்டிவிட்டிருக்கிறது. இரண்டு பேருமாகக் கடைக்குள் போனோம். இம்தியாஸ் விடுமுறைக்கு வந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்தா கதிரையில் இருந்தார்.

அந்தோனியண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். “பதிவில பிழை. தகவல் பிழை. பால் தேத்தண்ணிக்கு வந்திருக்கிறன்.”

ராத்தாவின் முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. இம்தியாஸ் எழும்பி, “சொறி அண்ணை, நான் இப்பவே திருத்திவிடுறன்” என்றான்.

“நீ திருத்து மகன், அதுக்கில்லை. நான் பிழை சொல்ல வந்தது அவரிட்ட. ஆரிட்டச் சொல்ல?”

ராத்தா கையை நீட்டினார். “அந்த ஃபோனைத் தா. அதோட கதைக்கவும் ஏலும் எண்டு சொன்னனீ எல்லோ?”

இம்தியாஸ் தயங்கித்தான் கொடுத்தான். ராத்தா அதை முகத்துக்கு நேரே பிடித்தார். உங்களோடு பேசுவதுபோலவே பேசினார். “இஞ்சேருங்கோ. விடத்தல்தீவில இருந்து அந்தோனியண்ணை வந்திருக்கிறார். நீங்கள் சொன்னது பிழையாம். கரையில சனம் நிண்டு ஏமாந்திட்டுதாம்.”

உங்கள் குரல் உடனே வந்தது. “தவறைச் சுட்டிக்காட்டியமைக்கு மிக்க நன்றி. ஏற்பட்ட சிரமத்துக்கு மனம் வருந்துகிறேன். இனிமேல் கூடிய கவனம் எடுப்பேன்.”

அவ்வளவுதான். ராத்தா கைபேசியை இறக்கவில்லை, காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அது அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

“சிரிக்கயில்லை” என்றார் ராத்தா. “பிடிபட்டா அவர் எவ்வளவு சந்தோசப்படுவார். அண்டைக்கு இரவு சாப்பாட்டிலயும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிழை விட்டவருக்கு இவ்வளவு சந்தோசமோ எண்டு நான் ஏசுவன்.” கைபேசியை இம்தியாஸிடம் நீட்டினார். “இது அவரில்லை, மகன். நிப்பாட்டு.”

“மாமி, அதைப் பழக்கலாம். சிரிக்கவும் பழக்கலாம்.”

“தெரியும். அதுதான் சொல்றன், இப்பவே நிப்பாட்டு.”

அவன் அழுதான், நானா. அதை எழுதாமல் விட்டால் நான் சரியான செய்தியாளன் இல்லை. அவன் விளையாட்டுக்குச் செய்யவில்லை. நீங்கள் போனபின் அவனால் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான், அதைத் திறமையாகச் செய்தான். ராத்தாவும் அன்று ஒன்றை இழந்தார். வீடு மறுபடி அமைதியாகும் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னார். அந்தோனியண்ணை தானே போய் எதிர்க் கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணி சொல்லிவிட்டு வந்தார்.

நான் அன்று கேட்க நினைத்து வந்ததை அப்போது கேட்டேன். பக்கத்தை மூடக் கூடாது, நான் எழுதுகிறேன் என்றேன். ராத்தா என்னைப் பார்த்து, “உங்களுக்கு ரொக்கெட்டைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுவதுதான் இத்தனை காலமும் நான் செய்த வேலை. இம்தியாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “நான் ஆய்வுகளை வாசிச்சுச் சொல்றன். எழுத்து உங்கட. ஆனா எனக்குப் பிடிக்காட்டா வெட்டுவன்.” வெட்டு என்றேன்.

முதல் வேலையாக, கடந்த கிழமைகளில் வந்த பதிவுகள் உங்களுடையவை அல்ல என்று அறிவித்தோம். எப்படிச் செய்யப்பட்டன என்பதையும் ஒளிக்காமல் எழுதினோம். ஏச்சு மழையாகப் பொழிந்தது. ‘குரலாவது கேட்டுக்கொண்டிருந்தோம், அதையும் பறித்துவிட்டீர்களே’ என்று ஒருவர் எழுதினார். ராத்தாவின் அமைதியான வீட்டை நினைத்துக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தேன். பதில் எழுதினேன், ஆனால் முடிவை மாற்றவில்லை. மாற்றவும் போவதில்லை.

உங்கள் துணிக்கண் எனக்கு வராது. உங்கள் பகிடியும் வராது. வாசித்து முடிக்காத எதைப் பற்றியும் எழுதமாட்டேன் என்ற பிடிவாதம் மட்டும் என்னிடம் உண்டு, அது உங்களிடமிருந்து வந்தது. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், இன்னும் குறையலாம். குறையட்டும்.

இன்று என் முதல் பதிவு போனது. இறந்தவர்களின் குரலைச் செய்து விற்கும் கம்பெனிகளைப் பற்றி. இம்தியாஸ் இரண்டு இடத்தில் வெட்டினான், ஓரிடத்தில் என்னைச் சோம்பேறி என்றான். என் முழுப்பெயரைப் போட்டேன். அதன் கீழே கடையின் விலாசத்தையும், சனிக்கிழமை பின்னேரங்களில் நான் அங்கே இருப்பேன் என்பதையும் எழுதினேன். ராத்தா உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருக்கிறார், வாசலைப் பார்த்தபடி. முன்னால் நின்று கேட்க யாரும் வரலாம். நான் அங்கே இருப்பேன்.