அத்தான் இழுக்கும் பார்லனோ

என் ஆசை லூர்து அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. நான் நலமாக இல்லை. அத்தானை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

முதியவர்களைப் பார்த்துக்கொள்ள இத்தாலிக்குப் போகும் பெண்களுக்கு, நம் தஞ்சாவூர் வீட்டு முன்னறையில் இத்தாலிய மொழியைச் சொல்லிக்கொடுத்தாயே, அந்த வகுப்பை இப்போது உன் புருஷன் நடத்துகிறார். நீயாவது அங்கே வேலை பார்த்துக் கற்றாய். அத்தானுக்கு அந்த மொழியில் வணக்கம் சொல்லக்கூட வராது.

'பேசுகிறார்கள்' என்பதற்கு 'பார்லனோ'. பார்-ல-னோ என்று பிரித்து, முதல் அசையில் தொடையைத் தட்டச் சொல்வாய். 'ஃபோன் செய்கிறார்கள்' என்பதற்கு 'தெலேஃபொனனோ', அதற்கு இரண்டாவது அசையில். தட்டு இடம் மாறினால் அங்குள்ளவர்களுக்கு நம் பேச்சு விளங்காது என்பாய். அத்தானோ எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் அச்சடித்து, ஜெபமாலை சொல்வதுபோல் கூட்டமாக ஒப்பிக்க வைக்கிறார். எந்த வினைச்சொல்லானாலும் கடைசிக்கு முந்தின அசையை நீட்டி இழுக்க வேண்டுமாம். அப்போதுதான் வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதுபோல் இருக்குமாம். த்தூ.

அந்த லட்சணத்தில்தான் உன் மகள் ரீனாவும் படித்தாள். போன மாதம் இத்தாலி வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ. முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பா சொல்லிக்குடுத்த மாதிரியேதான் சொன்னேன் சித்தி. அந்தம்மா திரும்பத் திரும்ப என்னன்னு கேட்டாங்க. அப்புறம் கேக்குறதையே விட்டுட்டாங்க."

வேலை கிடைக்கவில்லை. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

இதற்குப் பிறகாவது மனுஷனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டாமா? கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவர்த்தியுமாக வருகிறேன், உன் சிலுவையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார். உன் படம், அதன் கீழே 'அட்மிஷன் நடைபெறுகிறது', செல் நம்பர். ஊரே வரும் நாளாகப் பார்த்து!

"நாலு பேரு பாக்கட்டுமேன்னுதான்" என்றார், கூசாமல்.

அவிழ்த்துச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். பெண்டாட்டி கல்லறையையும் விடாத ஆளோடு எப்படி அக்கா இத்தனை வருடம் குடும்பம் நடத்தினாய்?

ரீனா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். உன்னிடம் படித்து இத்தாலிக்குப் போன ஜெனிட்டா தினமும் ஃபோனில் சொல்லிக்கொடுக்கிறாள். நேற்று ரீனா தொடையைத் தட்டி 'பார்லனோ' என்றாள். ஜெனிட்டா ஸ்பீக்கரில் என்னிடம் சொன்னாள், "டீச்சரே சொன்ன மாதிரி இருந்துச்சுக்கா."

அடுத்த இன்டர்வியூவில் அவள் பேசினால் எதிரில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். அதுவரை உன் புருஷன் முகத்தில் விழிக்கமாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செசிலி