பதினான்கு எறிகள், யார் பிழை

ஒக்டோபர் 6, திங்கள்

காலை 7.12. ஆறு பாகை, தூறல். எண்ணிக்கை: இந்தக் கனடியக் கால்பந்துப் பருவத்தில் எங்கள் ரொஸ் எறிந்து எதிரணி கையில் சிக்கிய பந்துகள் 14.

வீடியோ அறையில் ஹீட்டர் இன்னும் செத்தபடி. மூன்றாவது முறைப்பாடு. ஜாக்கெட்டோடு வேலை.

கோச்சுக்கு மதியத்துக்குள் அட்டவணை வேண்டும். பதினான்கிலும் யார் பிழை: எறிந்தவனா, பிடிக்க ஓடியவனா. எ அல்லது பி. ரொஸ்ஸை வைத்திருப்பதா விடுவதா என்பது இந்த வாரம் முடிவாகும். தாக்குதல் ஆட்டத்துக்கென்று இருந்த பயிற்சியாளர் ஓகஸ்டில் விலகிவிட்டார். கோச் தடுப்பு ஆட்டக்காரர். எறியும் பக்கத்தில் அவருக்குக் கண் நான்தான்.

கிளிப் எல்லாம் பந்து ரொஸ் கைக்கு வரும் கணத்தில் தொடங்கும். அதற்கு முந்தியதை வெட்டிவிடுவேன். இடம் மிச்சம். சந்தேகமானவற்றுக்கு, ஆட்டம் முடிந்தபின் அவன் நிருபர்களிடம் சொன்னதை எடுத்துக்கொண்டேன். ஒன்பது தடவை "அது என் பிழை" என்றிருக்கிறான். ஆளே ஒப்புக்கொண்டபின் வேறென்ன ஆதாரம்?

11.40. அனுப்பியாயிற்று. எ 11, பி 3.

கோச் கேட்ட குறிப்பு, இங்கேயும் ஒரு பிரதி:
ரொஸ். வயது 33. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவன். அமெரிக்காவில் ஐந்து அணி, கனடாவில் இது இரண்டாவது. முதல் இரண்டு வருடம் இறங்காமல் வாங்கில் உட்கார்ந்தபடி. பிறகு ஒரே ஒரு பருவம், ஊர் முழுக்க அவன் பெயர் போட்ட ஜேர்சி. பெருவிரல் முறிவு. ஒரு வருடம் மாமனாரோடு கூரை வேலை. ஜூலையில் எங்கள் முதல் ஆளுக்கு முழங்கால் போக, இவன் இறங்கி வரிசையாக நான்கு வெற்றி. பிறகு ஐந்து தோல்வி. கோடு போட்டுப் பார்த்தால் ஈசிஜி.

அம்மா ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து போன். "சாப்பிட்டியோ? உந்த முட்டைப் பந்தை எண்ணுறதுக்கு ஒரு இஞ்சினியர் தேவையோ, ராசா?" வேலை இருக்கிறது என்று வைத்தேன். டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமானால் பிறகு பேசலாம்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெயில். காற்று குளிர்.

பயிற்சியில் முதல் அணியோடு மாற்று ஆள். ரொஸ் இரண்டாம் அணியோடு. மூஞ்சியில் ஒன்றும் தெரியவில்லை. பயிற்சி முடிந்தபின் இருபது நிமிடம் மார்க்கஸோடு தனியே நின்றான். மார்க்கஸ்: புதிதாக வந்த ரிசீவர், எறிகிற பந்தைப் பிடிக்க ஓடுகிறவன், 22 வயது, காற்று மாதிரி ஓடுவான்.

பற்றரி எடுக்க உடுப்பறைக்குப் போனேன். நேசன் அண்ணை ஹெல்மெட் துடைத்துக்கொண்டிருந்தார். அணியில் என்னைத் தவிர ஒரே தமிழாள்.

"டேய் தம்பி, ரொஸ்ஸை அனுப்பப் போறாங்களாம்?"

"பதினொரு பிழை, அண்ணை. கணக்குத் தெளிவு."

"என்ன கணக்கு? அந்தப் பொடியன் மார்க்கஸ் எல்லே பிழையான பக்கம் ஓடுறவன். இவன் உள்ள வா எண்டா அவன் வெளிய போறான். இதில இருந்துதான் ரொஸ் அவனுக்கு விளங்கப்படுத்திறவன். எனக்குக் காது கேக்கும்."

"ரொஸ்ஸே தன்ர பிழை எண்டு சொல்லுறான்."

"சொல்லுவான். பின்னை, பொடியனைக் காட்டிக் குடுக்கிறதோ?"

"அண்ணை, நீங்கள் உடுப்புத் தோய்க்கிற வேலையைப் பாருங்கோ."

சிரித்தார். "ஓம், அதையும் பாக்கத்தான் வேணும்" என்றார். பற்றரியைத் தந்தார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

மழை. ஹீட்டர் சரி. இப்போது அடுப்பு மாதிரி.

அவர் சொன்னது பிழை என்று காட்டவே வெட்டாத மூல வீடியோவைத் திறந்தேன். பக்கக் கோட்டுக் கமரா. பந்து வருவதற்கு முன் ஆறேழு நொடி. ரொஸ் ஹெல்மெட்டைத் தொட்டால் ரிசீவர் உள்ளே திரும்பி ஓட வேண்டும். தொடையைத் தட்டினால் வெளியே. பிழையில்லாத எறிகள் முப்பதில் சரிபார்த்தேன். முப்பதிலும் அப்படியே.

பிறகு அந்தப் பதினொன்று.

ஆறில் ஹெல்மெட்டைத் தொடுகிறான். ஆறிலும் மார்க்கஸ் வெளியே போகிறான். பந்து ஆளில்லாத இடத்துக்குப் போகிறது, எதிரணிக்காரன் சும்மா நின்று வாங்குகிறான்.

எ 5, பி 9.

அந்த நொடிகளை வெட்டியது நான். வேறு யாருமில்லை.

2.30. நடைவழியில் கோச். தோளில் தட்டினார். நல்ல அட்டவணை, தெளிவாக இருந்தது, டிசம்பர் பற்றிப் பேந்து பேசுவோம் என்றார். மெர்சி என்றேன், இந்த ஊர்ப் பிரெஞ்சில் நன்றி. ஆங்கிலம் பேசுகிறவரிடம் எதற்கு மெர்சி? தெரியாது. வாயில் அதுதான் வந்தது.

இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு நாளை சொல்லலாம் என்று வைத்தேன். சரிபார்க்க ஒன்றும் மிச்சமில்லை. மூன்று முறை பார்த்தாயிற்று.

ஒக்டோபர் 9, வியாழன்

காலை 10.05. ரொஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

எட்டரைக்கு வேலைக்கு வந்தவன் நான். கோச்சின் கதவு திறந்துதான் இருந்தது. கடந்து போய்க் கோப்பி எடுத்தேன். இதை இங்கேயாவது எழுதி வைக்கவேண்டும்.

11 மணி. ரொஸ் வீடியோ அறைக்கு வந்தான். கையில் யூஎஸ்பி. விடப்பட்ட எல்லோரும் கேட்பது: மற்ற அணிகளுக்குக் காட்டத் தன் நல்ல எறிகள். பிரதி ஆக ஒன்பது நிமிடம். கதிரை இருந்தும் அவன் உட்காரவில்லை.

கேட்டேன், ஏன் ஒவ்வொரு முறையும் உன் பிழை என்று சொன்னாய்?

"மைக்குக்கு முன்னால் வேறென்ன சொல்வது? நான் எறிந்தேன், என் பிழை. நான் முதன்முதல் இறங்கி ஆடிய பருவத்தில் ஒரு மூத்த ரிசீவரும் எனக்காக அப்படித்தான் சொன்னான். மார்க்கஸ் மேல் இரண்டு பிழை எழுதினால் அவனை ஊருக்கு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அவனுக்கு இன்னும் ஆறு மாதம் வேண்டும், அவ்வளவுதான்."

"அப்போ உனக்கு?"

"வெளியே பேசுவது வெளிக்கு. உள்ளே ஃபிலிம் இருக்கிறதே. பார்க்கிறவன் பார்ப்பான் என்று நினைத்தேன்." திரையைக் காட்டினான். என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவனுக்கு அட்டவணை யார் போட்டது என்றே தெரியாது.

பிரதி 71 வீதம். 72. சொல்ல நேரம் இருந்தது.

கை கொடுத்தான். சனிக்கிழமை புரோசார்ட் வீட்டைக் காலி செய்கிறானாம். மனைவியும் பிள்ளைகளும் ஏற்கனவே ஒஹாயோவில். "பெரியவள் இந்த வருடம்தான் பிரெஞ்சில் எண்ணப் பழகினாள்" என்றான். போய்விட்டான்.

மதியம் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்குச் சாப்பிட்டேன் என்றேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

இரண்டு பாகை. வானம் துப்புரவு.

8.20. மேற்கில் ஓர் அணியிடமிருந்து மின்னஞ்சல். அவர்களின் குவார்ட்டர்பேக்குக்குத் தோள் போய்விட்டது. ரொஸ்ஸில் அக்கறை. பதினான்கு கிளிப்பும், "உங்கள் பிழை அட்டவணை இருந்தால் அதையும்" இன்றைக்கே வேண்டும். அலுவலகம் என் பழைய கோப்பை மூன்று மணிக்கு அனுப்பும் பட்டியலில் போட்டுவிட்டது. அது போனால் எட்டாவது அணி கிடையாது. 33 வயதில் பிறகு கூரைதான்.

உடுப்பறைக்குப் போனேன்.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி. ஆறு மார்க்கஸின்ர பிழை."

"சரி எண்டு எனக்குத் தெரியும். இதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? கோச்சிட்டப் போ."

"வேலை போயிடும்."

"போனா இங்க வா. தோய்க்க ஆள் இல்லாமத்தான் நிக்கிறன்."

செவ்வாய் சொன்னதற்கு மன்னிக்கச் சொன்னேன். "சும்மா போடா, மூண்டு மணிக்கு முதல் போ" என்று ஒரு கூடை ஈரத் துவாயைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது 12.50. செய்ய வேண்டியவை:

1. பதினான்கு கிளிப்பும் மறுபடி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எட்டு நொடி.
2. புதிய அட்டவணை, எ 5, பி 9. பழையதை அழிப்பதில்லை, பக்கத்தில் வைப்பது. இரண்டிலும் போட்டவன் என்று என் பெயர்.
3. மார்க்கஸின் எண் ஆறு முறை வரும். மறைக்க வழியில்லை. கோச்சுக்கு முன் அவனிடம் நான் சொல்வது.
4. 2.30க்குள் கோச். நேரில். புதன்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்து.
5. மேற்கு அணிக்குப் புதியது போனதை என் கண்ணால் பார்ப்பது.
6. நாளை காலை புரோசார்ட், ரொஸ் வீடு. அட்டவணை போட்டது நான் என்று வாசலிலேயே சொல்வது. அதற்குப் பிறகும் உள்ளே விட்டால், பெட்டி தூக்குவது.