வண்டி நிறுத்தப் போயிருக்கிறார்

அன்புள்ள என்னவருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலம் என்று நீங்கள் சொன்னதாகவே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போட்டுக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை, இடது கையில். உங்கள் தங்கை வாயால் கேட்டுவிட்டு நீங்கள் அங்கே குதிப்பதைவிட என் கையெழுத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு முறை ஆரம்பித்தேன். "அந்தப் பேச்சே வேணாம்" என்று வைத்துவிட்டீர்கள். அப்புறம் கேட்டால் நடுக்கடலில் சிக்னல் இல்லை என்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் பேசும்போது மட்டும் கடல் நன்றாக ஒத்துழைக்கிறது. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், கோபம் ஆறியதும் எடுத்துப் படிக்கலாம். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்குச் சேர்ந்துவிடும் என்று கப்பல் ஆபீஸில் சொன்னார்கள்.

வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் தினமும் நாளைக்கு வருகிறார். அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான். நான் இன்னும் சலவைக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஏழு மாத வயிற்றோடு சூட்டில் நிற்க வேண்டாம் என்று சூப்பர்வைசர் அக்கா இஸ்திரி மிஷினிலிருந்து மடிக்கிற மேசைக்கு மாற்றிவிட்டார். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வந்து விழுந்தபடியே இருக்கும். யார் யாரோ நிம்மதியாகத் தூங்கி எழுந்ததையெல்லாம் நான் நின்றுகொண்டு மடிக்கிறேன். சாயங்காலம் கால் வீங்கிச் செருப்புக்குள் போகமாட்டேன் என்கிறது. அலுப்பாக இருக்கிறதுங்க. வேலை அலுப்பு என்றால் படுத்தால் போய்விடும். இது போகவில்லை.

இனி ஊசி விஷயம். இது கக்குவான் இருமலுக்கு. பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்கள் இந்த ஊசியைப் போட முடியாதாம். அந்தச் சமயத்தில் அந்த இருமல் வந்தால் பச்சைக் குழந்தைக்கு மூச்சே நின்றுவிடக்கூடும் என்றார் டாக்டரம்மா. இப்போது நான் போட்டுக்கொண்டால் என் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு சக்தி பிள்ளைக்கும் போய்ச் சேருமாம். போன முறை நடந்ததையும் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவசரப்படாமல் கேட்டார். பிறகும் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

போன முறை நடந்ததை எழுதாமல் தாண்டிப் போக நினைத்தேன், முடியவில்லை. நாலாம் மாதம் ஊசி போட்ட அடுத்த வாரமே பிள்ளை போய்விட்டது. அதனால் ஊசிதான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். குழந்தையின் வளர்ச்சி அதற்கு முன்பே நின்றுவிட்டது, ஸ்கேனில் அப்படித்தான் தெரிகிறது என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னபோது நீங்கள் அறையில் இல்லை. மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். நான் சொன்னதற்கு, "உன்னைத் தேத்தறதுக்குச் சொல்லியிருப்பாங்க" என்றீர்கள். உங்களுக்குக் கோபப்பட ஒரு ஊசியாவது கிடைத்தது. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இந்த முறை உங்கள் கேபினில் மேல் படுக்கைக்காரர் காட்டிய, கர்ப்பிணிக்கு ஊசியே ஆகாது என்கிற வீடியோ வேறு. அதை எனக்கு மூன்று தடவை அனுப்பினீர்கள். கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதர் எப்போதிலிருந்து பிரசவம் பார்க்க ஆரம்பித்தார்? எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. பதில் ஒன்றும் அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போனேன். அத்தையைக் கூப்பிட்டேன். "எம்புள்ள வேணாம்னு சொன்ன எடத்துக்கு நான் எப்படி வர்றது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மனைவியின் பையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினார். அவ்வளவுதான் அவர் செய்தது, அதைப் பார்த்தே எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஊசி போடும் நர்ஸ் என்னைவிடச் சின்னப் பெண். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள். யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரர் வண்டி நிறுத்தப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். நம்மிடம் வண்டி ஏது? அந்த நேரத்துக்கு வாயில் அப்படி வந்துவிட்டது. சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று வெளியே நாற்காலியைக் காட்டினாள்.

அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குப் பெரும்பாடு. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னதுதான் சரியோ, அந்த டாக்டர் என்னைத் தேற்றத்தான் சொன்னாரோ என்று என்னென்னவோ ஓடியது. தைரியமாகப் போட்டுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்றும் போடவில்லை. இரண்டு பயத்தில் எது பெரியது என்று பார்த்தேன், அவ்வளவுதான். அந்த நர்ஸ் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் எனக்காக வாசலைப் பார்த்தாள். கடைசியில் கிளம்பலாம் என்று சொல்ல வந்தவள், "இன்னும் எடம் கெடைக்கலையா அவருக்கு?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. "கிடைக்கலம்மா, ரொம்ப தூரம் போயிட்டார் போல" என்றேன். அவள் என் பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் கூடவே வந்தாள்.

அன்று சாயங்காலம் உடம்பு லேசாகச் சுட்டது, கை கனத்தது. அப்படி இருக்கும் என்று முன்பே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் அத்தை என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சொன்னா யாரு கேக்கறா இந்த வீட்டுல" என்றார்கள். பிறகு எந்தக் கை என்று கேட்டு, அந்தப் பக்கம் படுக்கக்கூடாது என்று தலையணையை அண்டக் கொடுத்தார்கள். மறுநாள் சலவைக்கூடத்தில் என் கை மேலே எழும்பவில்லை. எனக்கு எதிரே விரிப்பைப் பிடிக்கிறவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்தையும் தாழ்த்திப் பிடித்தாள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பிள்ளை உள்ளே எப்போதும்போல உதைக்கிறது. உங்கள் பிள்ளைதானே, சாப்பாட்டு நேரம் தப்பினால் பொறுக்காது.

நான் கேட்க வந்தது வேறு. ஊசி போட்டது போட்டதுதான், அதற்கு உங்கள் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் நீங்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவீர்கள், தெரியும். பிறக்காவிட்டால்? அன்றைக்கு நீங்கள் என்னை என்ன பார்வை பார்ப்பீர்கள் என்பதை இப்போதே நினைத்து நினைத்து ஓய்ந்துபோகிறேன். அப்படி ஒன்று வந்தால் பிள்ளைக்காக அழ எனக்கு இடம் வேண்டும். எனக்காக நானே வாதாடிக்கொண்டு நிற்க உடம்பில் தெம்பு இல்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. அன்றைக்கு மருந்துப் பையோடு படியேறி வந்தவரின் முகத்தை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து கோபம் மட்டும்தான் வருகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இன்ஜின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும். கரை இறங்கியதும் போன் செய்யுங்கள். ஊசியைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம், திட்டவும் வேண்டாம். பயமாக இருக்கிறது என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எனக்கும்தான் என்று சொல்ல நான் இங்கே காத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் அதிகம் பேசாத
உங்கள் வாயாடி