நூலும் வளைந்தது

ஜூன் 4
அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணனும் நானும் தொழிலைப் பிரித்துக்கொண்டோம். வாடகை வீட்டுக்கு வந்தாயிற்று. மனைவிக்கு ஏழாம் மாதம். எல்லாம் ஒரே வருடத்தில். மண்டபத்துக்கு டைல்ஸ் போடுவது, நான் தனியாக எடுத்த முதல் வேலை. தூக்கம் மட்டும் இன்னும் இந்த வீட்டுக்குக் குடிவரவில்லை.

ஜூன் 11
என்னோடு வேலை செய்கிற மச்சான், மனைவியின் தம்பி, போட்ட வரிசை கோணல். "நூல் பிடிச்சுத்தான் போட்டேன் மாமா" என்கிறான். நூல் பிடித்த லட்சணமா இது? பெயர்க்கச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெயர்த்தான்.

ஜூன் 13
மறுபடியும் வளைவு. "உன்னோட மாரடிக்க என்னால முடியாது. நாளைலேருந்து வராத" என்று கத்திவிட்டேன். மட்டப்பலகையை வரிசை மேல் வைத்துக் காட்டினான். ஒட்டி நின்றது.
பலகையும் அல்லவா வளைந்து தெரிந்தது எனக்கு.

ஜூன் 14
குளிக்கும்போது வலது கண்ணில் சோப்பு. அதை மூடினேன் — சுவர் டைல்ஸ் நேராக இருந்தது. இடதை மூடினேன் — நடுவில் புடைத்திருந்தது. ஐயோ, அவனைப் போய் என்னென்ன சொன்னேன்.

ஜூன் 17
கண் டாக்டர்: "கண்ணுக்குப் பின்னாடி நீர் கோத்திருக்கு. தூக்கமில்லாம, கவலையிலயே கிடந்தா இப்படி வரும். கொஞ்ச நாள் வேலைய விட்டுட்டுத் தூங்குங்க, பெரும்பாலும் தானா வத்திரும். இல்லேன்னா அடுத்த கண்ணுக்கும் வரலாம்."
தூக்கம் என்ன, கடையிலா விற்கிறது? வேலையை அண்ணன் கையில் கொடுப்பதா? செத்தாலும் மாட்டேன். மச்சானைக் கூப்பிட வாய் வரவில்லை. மனைவியிடம் கண்ணில் தூசி என்றேன்.

ஜூலை 9
வலது கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை. இடது கண்ணே கதி. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஜூலை 22
இன்று நூலே வளைந்தது. வலது கண்ணில் கட்டு அப்படியேதான் இருந்தது.

ஆகஸ்ட் 2
மண்டபம் முடிந்தது. "தரை கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் மண்டபத்து முதலாளி. தலையாட்டினேன். எந்தக் கண்ணை மூடினாலும் பார்க்கிற இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். இதை எழுதும்போதும் எழுத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பயமாயிருக்கு. யார்கிட்ட சொல்றது?

ஆகஸ்ட் 14
பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அழைத்துப் போனது மச்சான்தான். என்னோடு பேசவில்லை; ஆனால் குழந்தையை வாங்கி என் கையில் வைத்தான். இரண்டு காது தெரிந்தது. மூடிய கை தெரிந்தது. நடுவே அந்த வட்டம்.
"யாரு ஜாடைன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.
"உன்னை உரிச்சு வச்சிருக்கு" என்றேன்.