வங்காலைச் சனம் போட்ட நட்சத்திரங்கள்

வங்காலை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் டினேஷுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் வருத்தம் ஏதுமில்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவைக் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். நீ போன் எடுக்கிறாய் இல்லை, நான் அனுப்பிய குரல் செய்திகளும் கேட்பாரில்லாமல் கிடக்கின்றன, அதனால்தான் இந்தக் காலத்திலும் கடிதம். பெரியம்மாவின் மகன் றொசாந்தன் வருகிற கிழமை மொன்றியலுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கொஞ்சம் பாரைக் கருவாடும் வைத்திருக்கிறேன், பெட்டி மணக்கும் என்று அவன் இப்போதே முகத்தைச் சுளிக்கிறான், நீ அதைப் பார்க்காதே. இங்கே சோளகக் காற்று பிடித்துவிட்டது, வள்ளங்கள் முக்கால்வாசி கரையில்தான். அப்பாவின் முழங்கால் நோவு அப்படியே இருக்கிறது, மருந்தெண்ணெய் பூசச் சொன்னால் நாளைக்கு என்கிறார்.

மகன், நடந்ததை நீ உன் பக்கத்தில்தான் அறிவாய், எங்கள் பக்கத்தில் எப்படி நடந்தது என்று ஒருவரும் உனக்குச் சொல்லவில்லை. உன் கொம்பனியில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த அந்தக் கொம்பியூட்டர் விளையாட்டு வெளிவந்த கிழமை, விளையாடியவர்கள் இன்ரநெற்றில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்க அப்பா சட்டை மாற்றிக்கொண்டு நுஸ்ரியாவின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனார். முசலியில் இருந்து வந்து கடை போட்டிருக்கும் பிள்ளை, இங்கிலிஷ் நன்றாகத் தெரியும். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாளாம். குதிரை சுவருக்குள் போய் மாட்டுகிறது, வாள் வீசினால் பட்டதா இல்லையா என்று தெரியவில்லை, கதைத்துக்கொண்டு நிற்கும் ஆள் பாதியில் காணாமல் போகிறான், இவ்வளவு பெரிய நாட்டைக் கட்டிவிட்டுக் கதையை அவசரத்தில் முடித்துவிட்டார்கள், எங்கள் காசைத் திருப்பித் தாருங்கள். அப்பா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். எத்தினை வருசம் நித்திரை முழிச்சுச் செய்தவன், அவனுக்காக ஒரு சொல்லுச் சொல்ல ஒரு மனிசரும் இல்லையோ என்று என்னைக் கேட்டார்.

உனக்குத்தான் தெரியுமே, இங்கே ஒருவன் கூத்தில் வேஷம் கட்டினால் அவனுடைய சனம் முழுக்க மாலையோடு போய் நிற்கும். அவன் தாளம் தப்பினாலும் மாலை விழும், பாட்டை மறந்து நின்றால் இன்னும் இரண்டு மாலை கூட விழும். அப்பா இதையும் அப்படித்தான் நினைத்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவராக மறித்தார். விளையாடாதவர்களும் கருத்து எழுதக்கூடிய ஒரு பக்கம் இருந்ததாம். போன் வைத்திருந்த எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். என்ன எழுதுவதென்று கேட்டவர்களுக்கு அப்பாவே சொல்லிக் கொடுத்தார், மிகவும் நல்ல விளையாட்டு, எங்கள் டினேஷ் செய்தது, கடவுள் ஆசீர்வதிப்பாராக என்று. உன் ஞானத்தகப்பன் தோமஸ் கண்ணாடி இல்லாமல் வந்ததால் பேரனைக் கொண்டு எழுதுவித்தார். அன்று அப்பா சிரித்த சிரிப்பை நான் கன காலத்துக்குப் பிறகு கண்டேன்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒரே வசனம் அத்தனை பெயரில் வந்ததைக் கண்டு, கொம்பனி ஏழை நாட்டுச் சனத்துக்குக் காசு கொடுத்துப் பொய் எழுதுவிக்கிறது என்று விளையாடுகிறவர்கள் கொதித்தார்கள், அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் எங்கள் சனம் எழுதினதை எல்லாம் அழித்தார்கள், உன் மேலாளர் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நீயும் உன் பெயரில் ஒரு அறிவித்தல் போட்டாய், இதை எழுதியவர்களுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று. நுஸ்ரியா அதை வாசிக்கத் தயங்க, அப்பாதான் பரவாயில்லை வாசி பிள்ளை என்றாராம். வேலை போகிற நேரத்தில் எழுதியது என்று எனக்கு விளங்குகிறது மகன். ஆனாலும் அந்த வரி எனக்கு நோகிறது, நோகவில்லை என்று சொன்னால் பொய். உன் மகன் எங்களைத் தெரியாது என்கிறானாமே என்று கடற்கரையில் சிலர் அப்பாவிடம் கேட்டும் விட்டார்கள். அவன் சொன்னது சரிதான், நாங்கள் அதைத் தொட்டும் பாக்க இல்லை, பிறகென்ன கருத்து என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உனக்கும் போன் எடுக்கிறார் இல்லை, அவன்ரை வேலையை இன்னொருக்காக் கெடுத்துப்போடுவன் என்கிறார்.

பிறகு நான் நுஸ்ரியாவிடம் போய் விளையாடியவர்கள் எழுதியதை எல்லாம் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். முதலே இதைச் செய்திருக்க வேண்டும், யோசிக்க யோசிக்கக் கவலையாக இருக்கிறது. திட்டினவர்கள்தான் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். கடலுக்கு மேலால் மழை வருவதைக் கண்டு வாளை உறையில் போட்டுவிட்டு நின்றேன் என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். இவ்வளவு பிழையோடும் இதை விட்டுப் போக மனமில்லை என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அந்தக் கடலும் கரையும் உன்னுடைய பொறுப்பு என்று நீ முன்பு சொன்னது எனக்கு ஞாபகம். நாங்கள் பார்க்காமலே புகழ்ந்தோம், அவர்கள் உள்ளே கிடந்து பார்த்துவிட்டுக் குறை சொன்னார்கள்.

இப்போது அப்பா விளையாடுகிறார். சிரிக்காதே. நுஸ்ரியாவின் தம்பி றிஷாட் கட்டாரில் இருந்து கொண்டுவந்த பெரிய கொம்பியூட்டர் கடையில் இருக்கிறது, றொசாந்தன் விளையாட்டை வாங்கிப் போட்டுக் கொடுத்தான். ஒவ்வொரு நாளும் பின்நேரம் போய்க் கதிரையில் இருக்கிறார். வலை இழுத்த விரல், ஒரு பொத்தானை அமத்தினால் இரண்டு அமுங்குகிறது. கள்ளன் வந்தால் ஐயா, வெட்டுங்கோ என்று நுஸ்ரியா கத்த, பொறு பிள்ளை, அவன் என்ன கேக்கிறானெண்டு பாப்பம் என்பாராம், அதற்குள் கள்ளன் இவரை வெட்டிவிடுவான். முழுக்க முடித்துவிட்டுத்தான் தன் கருத்தை எழுதுவாராம், குறையும் சேர்த்து, உன் பெயர் இல்லாமல்.

ஆனால் மகன், இப்போது விளையாட்டில் ஒரு இடத்தில் நின்றுபோனார். கரையில் வள்ளத்தில் ஏறிப் போகவேண்டிய இடமாம், வள்ளம் மணலில் ஏறிக்கிடக்கிறது, எதை அமத்தினாலும் இறங்கவில்லை. இதைப் பற்றியும் நிறையப் பேர் ஏசி எழுதியிருக்கிறார்களாம், முதலில் இருந்து தொடங்குவதுதான் வழி என்று. அப்பா மாட்டேன் என்கிறார். டினேஷ் செய்த வள்ளம், இறக்கிற வழி அவனுக்குத் தெரியும் என்கிறார். அப்படியென்றால் அவனைக் கேளுங்கோவன் என்றேன். சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு நாளும் போய் அந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வருகிறார்.

நீ மன்னிப்புக் கேட்க எடுக்க வேண்டாம், அவரும் கேட்க மாட்டார், இரண்டு பேரும் அதில் ஒரே மாதிரி. அந்த வள்ளத்தை எப்படி இறக்குவது என்று மட்டும் சொல்லு. வழியே இல்லை என்றால் இல்லை என்று சொல்லு, அதையும் அவர் உன் வாயால் கேட்கத்தான் காத்திருக்கிறார்.

எங்கள் கோயில் புனித ஆனாள் அம்மா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அங்கே இப்போது வெயில் என்றாலும் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா கடையில் இருக்கிற பின்நேரம் உனக்கு விடியற்காலை, கொஞ்சம் முந்தி எழும்பு.

உன் அம்மா,
எடித் அம்புறோஸ்